மாண்புமிகு மேகமே

மரக்காணம் உப்பளத்தில் மேகத்தைத் திட்டுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு உப்பு பாக்கெட்டில் வருகிறது. சித்திரை வெயிலில் பாத்தி முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து, நாளைக்கு வாரிவிடலாம் என்று இருக்கிற நேரத்தில், கிழக்கே கறுப்பாக ஒன்று எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது உப்பளத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு மழை போதும். மாதக்கணக்கில் காய்ந்த பாத்தி மறுபடி வெறும் தண்ணீராகிவிடும். அந்த நேரத்தில் வரப்பின் மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து, மேகத்தை அண்ணாந்து பார்த்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது அருக்காணியின் வேலை.

அருக்காணிக்கு ஐம்பது வயதிருக்கும். பகலெல்லாம் மற்றப் பெண்களோடு உப்பு வாருவாள். மேகம் வந்தால் மட்டும் அவளுக்குத் தனி மரியாதை. எல்லோரும் கூடையை இறக்கிவிட்டு வழி விடுவார்கள். அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் யாரும் மேகத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது. நல்ல வார்த்தை கேட்ட மேகம் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் கிளப்பவே முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"நெஜமாவே போயிடுமாக்கா?" என்று சகாயசெல்வி ஒருமுறை கேட்டாள்.

"பாதி மேகம் போயிடும்."

"மிச்சம் பாதி?"

"அது செவிட்டு மேகம்" என்றாள் அருக்காணி.

சகாயசெல்வி 'நித்தியவாணி' நாளிதழின் மரக்காணம் பகுதி நேர நிருபர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் கவிழ்ந்தது, தேர்த் திருவிழாவில் மைக்செட் தகராறு, ஏரியில் முதலை என்று வதந்தி, இப்படித்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு மண்வாசனையோடு ஒரு கட்டுரை வேண்டும் என்று புதுச்சேரியில் இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். இதைவிட மண்வாசனை எங்கே கிடைக்கும்? நேராக அருக்காணியிடம் போனாள். நல்ல வேளையாக, அல்லது கெட்ட வேளையாக, அன்றைக்கு ஒரு மேகமும் வந்தது. அருக்காணி வரப்பேறினாள்.

"ஏ எழவெடுத்த மேகமே! எவ வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு இருக்கிற? வெக்கம் மானம் இருக்குதா ஒனக்கு? பொறம்போக்கு! பேயணும்னா அந்தாண்ட கடல்ல போயி பேய், யாரு வாணாங்கறாங்க? என் பாத்தியில ஒரு சொட்டு வுழுந்துது, அப்புறம் நீ மேகமா இருக்க மாட்ட, கந்தலாத்தான் இருப்ப. போடி, கட்டையில போறவளே!"

மேகம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு கீழ்புத்துப்பட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டது. சகாயசெல்வி எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டாள்.

"ஏ பேப்பரு" என்றாள் அருக்காணி. உப்பளத்தில் சகாயசெல்விக்கு அதுதான் பெயர். "நான் சொன்னது சொன்னபடி வரணும். ஒரு வார்த்தைய மாத்திப் போட்டாக்கூட வரப்புல எனக்கு மரியாத போயிடும்."

"மாத்த மாட்டேங்கா. மாதா மேல சத்தியம்."

சத்தியம் செய்யும்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் பகுதி நேர நிருபர்களுடைய கோளாறு, பத்திரிகை எப்படி நடக்கிறது என்றே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் நாள் ஆசிரியர் புருஷோத்தமனே போன் செய்தார். "கட்டுரை பிரமாதம் செல்வி. ஆனா மூணு எடத்துல சிக்கல். சொல்லொழுக்கக் குழு கூடுது. நீ நேர்ல வந்துடு."

சொல்லொழுக்கக் குழு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். பஸ்ஸில் பொம்மையார்பாளையம் தாண்டும்வரை, எந்த மூன்று இடம் என்று மனதுக்குள் தேடிக்கொண்டே போனாள். வாக்கியப் பிழையாக இருக்குமோ என்றுதான் பயந்தாள், பாவம்.

குழு கூடும் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வாசலில் ஒரு பித்தளைக் குடம் நிறையப் பன்னீர் இருந்தது. உள்ளே போகிறவர்கள் அதில் வாய் கொப்பளித்துவிட்டுப் போக வேண்டும். சட்ட ஆலோசகர் விக்டர் அவசரத்தில் விழுங்கிவிட்டு இருமிக்கொண்டே உள்ளே போனார். விற்பனை மேலாளர் தங்கராசு கொப்பளித்த கையோடு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். தலைவர் நாற்காலியில் முனைவர் தெய்வசிகாமணி அமர்ந்திருந்தார். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் என்ன, அதற்கப்புறம்தான் அவருக்கு வேலையே ஆரம்பித்தது. ஆசிரியர் புருஷோத்தமன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேசையில் அவளுடைய கட்டுரையின் நகல் இருந்தது. மூன்று இடங்களில் கறுப்பு மையால் தீற்றியிருந்தார்கள்.

"குழுவின் முதல் விதி" என்றார் தெய்வசிகாமணி. "இந்த அறைக்குள் இழிசொல் ஒலிக்கலாகாது. இரண்டாம் விதி, இந்த அறைக்குள் இழிசொல் எழுத்தாகவும் நுழையலாகாது. ஆகவே அவற்றை மறைத்த பிறகே எங்களிடம் தருவார்கள். எங்கள் கண்ணில் இன்றுவரை ஒரு கெட்ட வார்த்தை பட்டதில்லை."

சகாயசெல்வி விழித்தாள். "அப்ப அது இன்னா வார்த்தைன்னே உங்களுக்குத் தெரியாதுங்களா ஐயா?"

"தெரிந்தால் நாங்கள் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்?"

"தெரியாம எப்பிடிங்க முடிவு பண்ணுவீங்க?"

"சொல்லை ஆராயமாட்டோம் அம்மா, அதன் கனத்தை ஆராய்வோம். நீங்கள் வாயைத் திறக்காமல் அந்த மூன்றையும் முனகிக் காட்டுங்கள்."

அவள் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் தலையை ஆட்டினார், முனகு முனகு என்பதுபோல. வேறு வழியில்லாமல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, அருக்காணியின் தாளத்திலேயே மூன்றையும் முனகினாள். தெய்வசிகாமணி கச்சேரி கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை கேட்டார்.

"முதலாவது துக்கம் சார்ந்தது" என்றார். "இரண்டாவது நிலம் சார்ந்தது. மூன்றாவது... அம்மா, உங்களுக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?"

"ரெண்டு பேருங்க."

"இதையா அவர்கள் படிக்க வேண்டும்?"

நிலம் என்றதும் விக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நிமிஷம். அந்த ரெண்டாவது வருவாய்த் துறைச் சொல்லா இருந்தா நான் தினமும் கோர்ட்டுல சொல்றதுதான், தப்பில்ல. ஆனா மேகத்தைப் பார்த்து சொல்லியிருக்காங்க. மேகம் இருக்கிறது வானத்துல. வானம் பட்டாவா, புறம்போக்கான்னு நம்மகிட்ட ஆவணம் இருக்கா? இல்லாம எழுதிட்டு நாளைக்கு வானிலைத் துறையிலேருந்து நோட்டீஸ் வந்தா யார் பதில் சொல்றது?"

"அந்தம்மா திட்டுனதுங்க அது. நெலத்த அளந்து சொல்லல" என்றாள் சகாயசெல்வி.

"அதைத்தான் நானும் சொல்றேன். அளக்காம சொல்லியிருக்காங்க."

தங்கராசு கையைத் தூக்கினார். அவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் பிடிக்காது. "சார், புள்ளி வெச்சிடுங்க. கெட்ட வார்த்தையப் போட்டா படிச்சிட்டு மறந்துடுவான். போடாம புள்ளி வெச்சா உக்காந்து தேடுவான். பொண்டாட்டிகிட்ட கேப்பான், டீக்கடையில கேப்பான். போன தீபாவளிக்கு ஒரு நடிகரோட பேட்டி போட்டோமே, அவரு ஒண்ணுமே தப்பா பேசல. நானாத்தான் நாலு எடத்துல புள்ளி வெச்சேன். மறுபதிப்பு அடிச்சோம் சார்."

இதை அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். அவர் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பிறகு ஆசிரியர் எழுந்தார். சும்மா சொல்லக் கூடாது, புருஷோத்தமன் நல்ல பேச்சாளர். "பத்திரிகை என்பது என்ன? விடியற்காலையில், கோலம் போடும் நேரத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரும் விருந்தாளி. அந்த விருந்தாளியின் நாவிலே..."

அவருடைய செல்போன் அடித்தது. பேப்பர் வண்டி டிரைவர்.

"இன்னாடா? ...டேய் அறிவு கெட்ட முண்டம்! திண்டிவனம் கட்டத் தூக்கி கடலூர் வண்டியில போட்டியா? எந்தச் சனியன்டா ஒனக்கு லைசென்ஸு குடுத்துச்சு? மூஞ்சப் பாரு, பேமானி! ஒன்ன வேலைக்கு வெச்சேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். வைடா போன!"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "...நாவிலே வசைச்சொல் தவழலாமா?"

தெய்வசிகாமணி கண் கலங்கக் கை தட்டினார். சகாயசெல்வி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. "ஐயா, இப்ப சார் பேசுனது..." என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"அது தொலைபேசி அம்மா" என்றார் தெய்வசிகாமணி பொறுமையாக. "குழுவின் அதிகாரம் அச்சுக்கு மட்டும்தான்."

"அப்ப அந்தக் கட்டுரையே வாணாங்க. நான் அவங்களுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். திருப்பிக் குடுத்துடுங்க."

"பக்கம் கட்டியாச்சே செல்வி" என்றார் ஆசிரியர். "இப்ப எடுத்தா அந்த எடம் காலியா நிக்கும். கவலப்படாத, ஐயா அழகா மாத்திக் குடுத்துடுவார்."

ஐயா மாற்றிக் கொடுத்தார். எல்லோரும் திரும்பவும் பன்னீரில் வாய் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் அருக்காணியின் படம் பெரிதாக வந்தது. மேலே தலைப்பு: 'மேகத்துக்கு நன்றி நவிலும் நங்கை!' உள்ளே, அவள் வரப்பில் நின்று சொன்னதாக இப்படிப் போட்டிருந்தார்கள்: 'மாண்புமிகு மேகமே! தாங்கள் எங்கள் உப்பளத்துக்கு எழுந்தருளியமைக்கு உளமார்ந்த நன்றி. எங்கள் பாத்திகள் காயும்வரை தாங்கள் சற்றே அப்பால் இளைப்பாறினால் பெரிதும் மகிழ்வோம். மீண்டும் வருக!'

அந்த 'மீண்டும் வருக' தெய்வசிகாமணி எழுதியது கூட இல்லை. ஒரு வரி இடம் மிச்சமிருந்ததால் தங்கராசு சேர்த்தது.

திங்கட்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. அச்சடித்து அழைத்தால் வராமலா இருக்கும்? வாருவதற்குத் தயாராக இருந்த பாத்தியெல்லாம் கரைந்து போயிற்று. ஏற்கெனவே வாரி அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது மட்டும் தப்பியது. வேறு ஊராக இருந்தால் கோடை மழை என்று விட்டிருப்பார்கள். உப்பளத்தில் எல்லோர் கையிலும் நித்தியவாணி இருந்தது.

"யக்கா நங்கை, மேகத்துக்கு டீ குடுத்தியா, காபியா?" என்று பெண்கள் சிரித்தார்கள்.

மேஸ்திரி கன்னியப்பன் சிரிக்கவில்லை. "எங்களுக்குத் தெரியாம நீ மேகத்த வாங்க போங்கன்னு கூப்புட்டுக்கினு இருந்தா, நாங்க இன்னாத்த வார்றது? இனிமே வரப்புல நீ ஏறாத அருக்காணி" என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் சகாயசெல்வி, தன் வீட்டை நோக்கி அருக்காணி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள். ஜன்னலைச் சாத்தினாள். அவள் புருஷன் பவுல்ராஜ், "எனக்குக் கோயில்ல ஒரு வேல இருக்குது" என்று பின்வாசல் வழியாகவே போய்விட்டான். வாங்கிக் கட்டிக்கொள்ள அவள் தயாராக நின்றாள். சொல்லப்போனால் அதற்காக ஏங்கிக்கொண்டு நின்றாள்.

அருக்காணி வந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அக்கா, நான் எவ்ளோ சொல்லிப் பாத்தேங்கா..."

"வுடு. நல்லா இரும்மா" என்றாள் அருக்காணி. சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். ஒரு எழவு இல்லை, ஒரு சனியன் இல்லை. சகாயசெல்வி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருஷனை, பிள்ளையை, நாயை, மேகத்தை, கேஸ் சிலிண்டர்காரனை, எல்லோரையும் வாய் நிறையத் திட்டுகிற மனுஷி ஒருத்தரைத் திட்டாமல் விட்டாள் என்றால், அந்த ஆளைத் தலைமுழுகிவிட்டாள் என்று அர்த்தம். எப்படியாவது அந்த மூன்று வார்த்தைகளைப் பேப்பரில் கொண்டுவந்து அருக்காணியை வரப்பேற்றாவிட்டால், இனி உப்பளத்துப் பக்கம் தலை காட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆசிரியருக்குப் போன் செய்தாள். "சார், ஒரு திருத்தம் போட்டுடுங்க சார்."

"திருத்தம்னா சரியான வார்த்தை எதுன்னு போடணும் செல்வி. சரியான வார்த்தையப் போட முடியாதுன்னுதானே தப்பான வார்த்தையப் போட்டோம்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு." அவர் உற்சாகமாக இருந்தார். "அத வுடு. கட்டுரைக்கு எவ்ளோ பாராட்டு தெரியுமா! வர்ற சனிக்கிழமை உப்பளத்துலயே விழா. அந்தம்மாவுக்குப் 'பண்புநங்கை' விருது. குழுவே கெளம்பி வருது."

இதைச் சொல்லச் சகாயசெல்வி தயங்கித் தயங்கித்தான் உப்பளத்துக்குப் போனாள். அருக்காணி உப்பை வாரிக்கொண்டே கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் விசாரித்தாள்.

"மைக்கு இருக்குமா?"

"இருக்கும்கா."

"அப்ப வர்றேன்."

சனிக்கிழமை உப்பளத்து ஓரத்தில் பந்தல் போட்டார்கள். படத்தில் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அம்பாரங்களின் மேலிருந்த தார்ப்பாயையெல்லாம் எடுக்கச் சொன்னார் ஆசிரியர். "மூடியே இருக்கட்டும் சார், நேரம் செரியில்ல" என்று கன்னியப்பன் கெஞ்சிப் பார்த்தான். "தார்ப்பாய் நீலமா இருக்குதுப்பா, பேப்பர்ல நல்லா இருக்காது" என்றுவிட்டார். பந்தலுக்குப் பக்கத்தில் மேல்மூடி இல்லாத ஒரு மினி வண்டியில் விழாச் சிறப்பிதழ் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. எல்லாப் பக்கத்திலும் கலரில் ஆசிரியர் படம். அருக்காணியின் படம் கடைசிப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடை விளம்பரத்துக்குக் கீழே.

"செல்வி, ரெக்கார்டர போட்டுக்க" என்றார் ஆசிரியர் மேடை ஏறும்போது. நித்தியவாணியில் ஒரு மரபு உண்டு. ஆசிரியர் பொது மேடையில் பேசினால் ஓர் எழுத்துப் பிசகாமல் மறுநாள் முதல் பக்கத்தில் வர வேண்டும். மாற்றக் கூடாது, சுருக்கக் கூடாது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவர் இருமியதைக் கூட ஒருமுறை அடைப்புக்குறிக்குள் போட்டார்கள் என்று சொல்வார்கள்.

ஆசிரியர் நாவடக்கத்தைப் பற்றி ஆரம்பித்துச் சங்க காலம், கல்வெட்டு, தன்னுடைய வெளிநாட்டுப் பயணம் என்று போய்க்கொண்டிருந்தார். கிழக்கே கறுப்பாக எட்டிப் பார்த்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கன்னியப்பன் திறந்து கிடந்த அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டு கையைப் பிசைந்தான்.

அதைத் தெய்வசிகாமணியும் பார்த்துவிட்டார். அவருக்கு ஒரே ஆனந்தம். "ஆகா, மேகமே வந்துவிட்டது! பண்புநங்கை அவர்கள் நேரிலேயே வழியனுப்பிக் காட்டுவார்கள்" என்று அருக்காணியை அழைத்தார். தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கை மட்டும் அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அதில் ஒரு ஸ்விட்ச் இருந்தது.

அருக்காணி மூச்சை இழுத்துவிட்டுத் தொடங்கினாள். "ஏ எழ..." டக். "...மேகமே! எவ வூட்டு வாசல்ல வந்து..." டக். "...ஒனக்கு..." டக். டக். "...கடல்ல..." டக். அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் காற்று எதிர்த்து அடித்ததில் மைக்கில் வந்தது மட்டும்தான் கேட்டது. கேட்டவரைக்கும் மேகத்தை வீட்டு வாசலுக்கு அழைக்கிற மாதிரிதான் இருந்தது. மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"முழுப் பாடத்தையும் நானே வாசித்துவிடுகிறேன்" என்றார் தெய்வசிகாமணி. கைகளை வானத்தை நோக்கி விரித்தார். "மாண்புமிகு மேகமே! தாங்கள் எங்கள் உப்பளத்துக்கு எழுந்தருளியமைக்கு..."

"ஐயோ, யாராவது அவரு வாயப் பொத்துங்களேன்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"...மீண்டும் வருக!"

முதல் துளி தெய்வசிகாமணியின் மூக்கில் விழுந்தது. அடுத்தவை மினி வண்டியில் விழுந்தன. ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சிறப்பிதழின் கலர் படத்தில் அவருடைய மீசை கரைந்து முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி அப்படியே நின்றார். பிறகு பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்.

"டேய் எழவெடுத்த மேகமே! எவன் அப்பன் வூட்டு பேப்பர்னு நெனச்சடா? கலர்ல அடிச்சு வெச்சிருக்கேன், கண்ணு அவிஞ்சு போச்சா? கழிசட! பொறம்போக்கு நாயே! ஒனக்குப் பேயறதுக்கு வேற எடமே கெடைக்கலையா, கட்டையில போறவனே..."

இதெல்லாம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டது மட்டும்தான். அதற்கப்புறம்தான் பேச ஆரம்பித்தார். மேகத்தின் அம்மா, அம்மாவின் நடத்தை, அது பிறந்த நேரம், பிறந்த விதம் என்று வரிசையாக எடுத்தார். அதையெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். இந்தக் கதையை அச்சிடுகிற இடத்திலும் பன்னீர்க் குடம் இருக்குமோ என்னவோ, விட்டுவிடுகிறேன். தெய்வசிகாமணி அந்த ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார். ஆனால் ஆசிரியர் பேசும்போது மைக்கை அணைக்க விதி இல்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், தூறல் நின்றது. மேகம் அடித்துப் பிடித்துக்கொண்டு பெருமுக்கல் பக்கம் ஓடியது. உப்பு அம்பாரம் தப்பியது. உப்பளமே வாயைப் பிளந்து நின்றது. ஆசிரியர் மூச்சு வாங்க, வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் ஒரு தெளிவோடு நின்றார். பல வருடங்களாக அவர் அவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை.

அருக்காணி பொன்னாடையைத் தன் தோளிலிருந்து எடுத்து அவர் தோளில் போட்டாள். "எத்தினியோ பேரு திட்டிப் பாத்திருக்கேன் சாமி" என்றாள். "இது தொழில்!"

"வாரா வாரம் வர முடியுங்களா சார்?" என்று கன்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

பந்தலுக்குப் பின்னால் காருக்குள் சொல்லொழுக்கக் குழு அவசரமாகக் கூடியது. பன்னீர் கொண்டுவரவில்லை, சோடாவில் கொப்பளித்தார்கள். சகாயசெல்வி செல்போனை நீட்டினாள். "சார் பேசுனது முழுசா இருக்குதுங்க. மரபுப்படி நாளைக்கு மொதல் பக்கம். மாத்தக் கூடாது, சுருக்கக் கூடாது. அனுப்பட்டுங்களா?"

காருக்குள் எல்லோரும் இன்னொரு தடவை கொப்பளித்தார்கள். கடைசியில் தெய்வசிகாமணி வழி கண்டுபிடித்தார். அவர் சும்மா முனைவர் பட்டம் வாங்கவில்லை.

"ஆசிரியர் பேசியது இழிசொல் என்றால், ஆசிரியர் இழிசொல் பேசினார் என்றாகும். ஆசிரியர் இழிசொல் பேசமாட்டார். ஆகவே அவர் பேசிய எதுவும் இழிசொல் அல்ல."

"சட்டப்படி சரி" என்றார் விக்டர்.

"புள்ளி வெக்க வாணாமா?" என்றார் தங்கராசு ஏமாற்றத்தோடு.

சகாயசெல்வி இதற்காகத்தான் காத்திருந்தாள். "அப்ப அருக்காணி அக்கா சொன்ன மூணு வார்த்தைங்க? சாரும் இன்னிக்கு அந்த மூணையும் சொல்லிட்டாருங்களே ஐயா. ரெக்கார்டுல இருக்குது. போடட்டுங்களா?"

தெய்வசிகாமணி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் சோடா பாட்டிலைப் பார்த்தார். "ஆசிரியர் வாய்ப்பட்ட சொல் தூய சொல்" என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

"என் பேச்ச வெளிநாட்டுப் பயணத்தோட முடிச்சுக்கலாமே செல்வி" என்று ஆசிரியர் மட்டும் மெதுவாகச் சொன்னார். அவள் பெருந்தன்மையாகச் சரி என்றாள். மரபாவது மண்ணாவது, அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள். பெண்கள் சுற்றி நின்றுகொள்ள, அருக்காணியின் பேச்சைச் சொன்னபடியே சத்தமாகப் படித்தாள். எழவெடுத்த, பொறம்போக்கு, கட்டையில போறவளே, மூன்றும் அச்சில் அட்டகாசமாக உட்கார்ந்திருந்தன. கன்னியப்பன் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டித் தானும் ஒருமுறை படித்துக்கொண்டான். "செரி, ஏறு வரப்புல. இன்னா பண்றது" என்றான்.

அருக்காணி வரப்பில் ஏறினாள். ஏறியதும் சகாயசெல்வி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி எழவெடுத்த பேப்பரு! இத மொதல்லயே போடறதுக்கு ஒனக்கு இன்னாடி கேடு? மாதா மேல சத்தியம் பண்ண மூஞ்சப் பாரு, சனியனே! ஒன்னால நான் டீயா காபியான்னு பேச்சு கேட்டேன்டி, பொறம்போக்கு..."

சகாயசெல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னும் திட்டுக்கா" என்றாள் சிரித்துக்கொண்டே. அருக்காணிக்குச் சொல்லித்தர வேண்டுமா, அவள் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கன்னியப்பனின் செல்போன் அடித்தது. காதில் வைத்தவன் உடனே தலைத்துண்டை அவிழ்த்தான்.

"சொல்லுங்க ஆசிரியர் சார்... இல்லீங்க, மேகம் ஒண்ணும் இல்லீங்க. வெயிலுதான் அடிக்குது... வெயிலையா? ஐயையோ, வெயிலத் திட்டக் கூடாதுங்க சார், அதுதான் எங்களுக்குச் சோறு."

அந்தப் பக்கத்திலிருந்து புருஷோத்தமன் தணிந்த குரலில் கேட்டார்: "காக்கா, கீக்கா ஏதாவது வந்து தொந்தரவு பண்ணுதாப்பா?"